ஸ்பூல் டேப்பில் எத்தனை தடம்? பழைய ஒலிப்பதிவை முழுத் தரத்தோடு மீட்க ஒரு வழிகாட்டி

அப்பா வைத்துவிட்டுப் போன ஸ்பூல்களில் ஒன்றின் அட்டைப்பெட்டியில் பென்சிலால் ‘ஆரபி, ரேடியோ கச்சேரி, 3¾’ என்று எழுதியிருக்கும். அதை டிஜிட்டல் ஆக்கித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கோப்பு வந்தது. பாட்டு கேட்டது. ஆனால் பாட்டுக்கு அடியில் இன்னொரு குரல், என்ன மொழி என்றே புரியாமல், மூச்சை உள்ளிழுத்துப் பேசுவதுபோல ஓடிக்கொண்டே இருந்தது. “டேப் கெட்டுப்போச்சு சார், இவ்வளவுதான் வரும்” என்றார். அதை நம்பி இரண்டு வருஷம் அந்த ஸ்பூலைத் தொடவில்லை.

டேப் கெடவே இல்லை. ஒருநாள் அந்தக் கோப்பைக் கணினியில் பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்தேன். அடியில் கேட்ட அந்தக் குரல், அதே ஸ்பூலின் மறுபக்கத்தில் அப்பா பதிந்து வைத்திருந்த வானொலி நாடகத்தின் வசனம். கால்தடத்தில், அதாவது அகலத்தை நான்காகப் பிரித்துப் பதிந்த டேப்பை, இரண்டாகப் பிரித்துப் படிக்கும் அரைத்தட ஹெட் (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) வைத்த மெஷினில் போட்டிருக்கிறார்கள். அந்த ஹெட் பாட்டையும் சேர்த்துப் படித்தது, பக்கத்தில் எதிர்த்திசையில் ஓடும் நாடகத்தையும் சேர்த்துப் படித்தது.

வீட்டில் ஸ்பூல் வைத்திருக்கும் பலருக்கும் இதே கதை நடக்கிறது. டேப்பின் தடமும் மெஷினின் ஹெட்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு டேப் நன்றாக இருக்கிறது, இல்லை என்று யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. அதை எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கால் அங்குலத்துக்குள் என்ன இருக்கிறது

ஸ்பூல் டேப்பின் அகலம் கால் அங்குலம், அதாவது சுமார் 6.3 மில்லிமீட்டர். ஹெட்டில் உள்ள மெல்லிய இடைவெளி இந்த அகலத்தில் எவ்வளவு தூரத்தைத் தொட்டுப் பதிகிறதோ, அதுதான் ஒரு தடம். டிராக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அகலம் முழுவதையும் ஒரே ஒலிக்குக் கொடுத்தால் அது முழுத்தட மோனோ. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் காட்டிய மேக்னடோஃபோன், பின்னாளில் திரைப்பட ஒலிப்பதிவாளர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த நாக்ரா III, எல்லாம் இந்த வகை. ஸ்பூலைத் திருப்பிப் போட வேலையே இல்லை. திருப்பினால் அதே ஒலி பின்னோக்கிக் கேட்கும்.

அரைத்தட மோனோவில் மேல் பாதி ஒரு திசைக்கு, கீழ்ப் பாதி மறு திசைக்கு. ஒவ்வொரு தடமும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், நடுவில் காலியிடம். ஒரு பக்கம் முடிந்ததும் ஸ்பூலைத் திருப்பிப் போடுவோம். அதே இரண்டு தடத்தையும் ஒரே திசையில் இடது, வலது என்று பதிந்தால் அரைத்தட ஸ்டீரியோ. ஸ்டுடியோக்களின் மாஸ்டர் டேப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஜெர்மானிய வகை ஸ்டீரியோ ஹெட்டில் நடுக் காலியிடத்தை முக்கால் மில்லிமீட்டராகச் சுருக்கி, தடத்தை 2.75 மில்லிமீட்டர் வரை அகலமாக்கியிருப்பார்கள். இது பின்னால் முக்கியமாக வரும், நினைவில் வையுங்கள்.

1950களின் கடைசியில் கால்தடம் வந்தது. அதே டேப்பில் நான்கு தடம், ஒவ்வொன்றும் 1.1 மில்லிமீட்டர். மேலிருந்து எண்ணினால் 1, 3 இரண்டும் போகும் திசை, 2, 4 இரண்டும் திரும்பும் திசை. அதனால் ஸ்டீரியோவையும் இரண்டு பக்கம் பதிய முடிந்தது. வீட்டு டெக்குகள் பெரும்பாலும் இந்த வகைக்கு மாறியதற்கு டேப்பின் விலைதான் காரணம். இதிலேயே கால்தட மோனோ என்று ஒன்று உண்டு. நான்கு தடத்திலும் நான்கு தனித்தனி நிகழ்ச்சி. எங்கள் அப்பா செய்தது இதுதான். ஒரு ஸ்பூலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தார்.

நான்கு தடத்தையும் ஒரே திசையில் ஓடவிடும் குவாட்ரஃபோனிக் டேப்புகளும் 1970களில் இருந்தன. நம் வீடுகளில் கிடைப்பது அபூர்வம்.

அகலம் குறைந்தால் ஒலியில் என்ன குறைகிறது

தடத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் இசையின் மின்னழுத்தம் இரண்டு மடங்காகும். இரைச்சல் அப்படி ஏறுவதில்லை. டேப்பில் உள்ள காந்தத் துகள்களின் இரைச்சல் ஒழுங்கற்றது என்பதால் அது 1.4 மடங்குதான் கூடும். கழித்துப் பார்த்தால் 3 டெசிபல் லாபம். முழுத்தடத்திலிருந்து கால்தடத்துக்கு வரும்போது அகலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிறது. ஏழு டெசிபலுக்கு மேல் இழப்பு. கச்சேரியில் பாடகர் நிறுத்தி மூச்சு விடும் இடத்தில் ‘உஸ்’ என்று மேலே வருகிறதே, அதுதான் இந்த ஏழு டெசிபல்.

இன்னும் இரண்டு நஷ்டம் உண்டு. தூசியோ பூச்சில் சின்ன உதிர்வோ இருந்தால் அகலமான தடத்தில் அது ஒரு மூலை, கால்தடத்தில் அது பாதித் தடம். ஒலி சட்டென்று அமுங்கி எழும். அப்புறம் பக்கத்துத் தடத்தின் கசிவு. கீழ் ஸ்தாயி ஒலிகளின் அலைநீளம் டேப்பில் பெரிதாக இருப்பதால் அவை ஹெட்டின் ஓரம் தாண்டியும் எட்டிப் பார்க்கும். சரியான கால்தட ஹெட்டிலேயே, அமைதியான இடங்களில், மறுபக்கத்து மிருதங்கத்தின் தொப்பி மெலிதாகப் பின்னோக்கி ‘உம்’ என்பது இதனால்தான். இது டேப்பின் கோளாறில்லை.

ஆனால் அகலத்துக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. ஹெட் நேர்க்குத்தாக இல்லாமல் இம்மியளவு சாய்ந்திருந்தால், அகலமான தடத்தில்தான் உச்ச ஒலிகள் அதிகம் அடிபடும். முழுத்தட டேப் மந்தமாகக் கேட்டால் முதல் சந்தேகம் சாய்வின் மேல்தான் போக வேண்டும்.

வேகமும் இதோடு சேர்ந்தது. ஏழரை என்று சொல்வது விநாடிக்கு ஏழரை அங்குலம், அதாவது 19 செ.மீ., மூணே முக்கால் என்பது 9.5 செ.மீ., பதினைந்து என்பது 38 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை, 38இல் 38 மைக்ரான் நீளம் டேப்பில் இடம் பிடிக்கும். 9.5இல் அதற்குக் கிடைப்பது 9.5 மைக்ரான்தான். அலை அவ்வளவு குறுகும்போது ஹெட்டின் இடைவெளி, டேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒட்டிய அழுக்கு, எல்லாமே அதை விழுங்கப் பார்க்கும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மூணே முக்கால் டேப்புகளைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். மத்திய அலை வானொலியில் வந்த கச்சேரியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. அதைப் பிடிக்க 9.5 செ.மீ. வேகமும் ஒரு மில்லிமீட்டர் தடமும் போதும். அன்றைக்கு வானொலி முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தார்களா, ஒயர் போட்டுப் பதிந்தார்களா என்பதுதான் அங்கே பெரிய வித்தியாசம்.

படி 1: ஓடவிடுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை வந்தால் அது அசிட்டேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற ஸ்பூல்களிடமிருந்து உடனே பிரித்து வைத்துவிட்டு, முதலில் அதைத்தான் டிஜிட்டல் ஆக்க வேண்டும். வாடை இல்லாவிட்டாலும் ஸ்பூலைப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுற்றுக்குள் வெளிச்சம் ஊடுருவித் தேன் நிறத்தில் தெரிந்தால் அசிட்டேட். கறுப்பாக அடைத்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் பாலியஸ்டர். அசிட்டேட் இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும், நேர்த்தியாக ஒட்டலாம். பாலியஸ்டர் அறுவதற்கு முன் நீண்டுவிடும், நீண்ட இடம் போனது போனதுதான்.

1970களிலிருந்து வந்த, பின்புறம் கறுப்புப் பூச்சுள்ள சில டேப்புகளில் வேறொரு தொல்லை. ஆம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓடும்போது கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். கேட்ட உடனே நிறுத்துங்கள். 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு அது ஓடும் நிலைக்கு வரும். இதை அனுபவமுள்ளவர் கையில் விடுவதே நல்லது. சமையல் ஓவன் ஆகாது. அசிட்டேட் டேப்பை எக்காரணம் கொண்டும் சூடாக்கக் கூடாது.

படி 2: தடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் எழுதியிருப்பதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எத்தனை முறை மாறியதோ.

உறுதியாகத் தெரிய ஒரு வழி, காந்தத் தடத்தைக் கண்ணால் பார்ப்பது. இதற்கென்றே ஒரு சின்ன வில்லை உண்டு. மெல்லிய தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை அடைத்திருப்பார்கள். டேப்பின் மந்தமான பக்கத்தின் மேல் அதை வைத்து லேசாகத் தட்டினால், துகள்கள் காந்தம் உள்ள இடங்களில் கூடி நிற்கும். அப்பாவின் ஸ்பூலில் நான் முதல் முறை இதை வைத்தபோது, பழுப்புப் பின்னணியில் நான்கு மெல்லிய வரிகள் தெளிவாக எழுந்தன. நடுவில் மூன்று வெறும் கீற்றுகள். மூன்றாவது வரி மட்டும் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அங்கே பதிவு முடிந்திருக்கிறது. இரண்டு வருஷம் ‘கெட்டுப்போன டேப்’ என்று நினைத்திருந்தது அப்படியே முழுசாக அங்கே இருந்தது.

வில்லை கிடைக்கவில்லையா? கால்தட ஸ்டீரியோ டெக் ஒன்று இருந்தால் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்பூலைப் போட்டு இடதை மட்டும் ஒரு நிமிடம், வலதை மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு ஸ்பூலைத் திருப்பிப் போட்டு மறுபடி அதே மாதிரி.

இடது நேராகவும் வலது பின்னோக்கி மெலிதாகவும் கேட்டால் அரைத்தட மோனோ. இடதில் ஒரு நிகழ்ச்சி, வலதில் சம்பந்தமில்லாத இன்னொன்று, இரண்டும் நேராக ஓடினால் கால்தட மோனோ. இரண்டிலும் ஒரே இசை நேராக வந்து, திருப்பினால் வேறு இசை நேராக வந்தால் கால்தட ஸ்டீரியோ. இரண்டிலும் நேராக வந்து, திருப்பினால் அதுவே பின்னோக்கி வந்தால் முழுத்தட மோனோ அல்லது அரைத்தட ஸ்டீரியோ. இந்த இரண்டையும் பிரிக்க, இடதும் வலதும் அச்சாக ஒன்றா என்று பாருங்கள்.

குழப்பும் ஒரு வகை உண்டு. முதலில் அரைத்தட மெஷினில் பதிந்து, பல வருஷம் கழித்து அதே டேப்பைக் கால்தட டெக்கில் போட்டு மேலே பதிந்திருப்பார்கள். கால்தட அழிப்பு ஹெட் தன் தடத்தை மட்டும்தான் துடைக்கும். இடையில் உள்ள கீற்றில் பழைய பதிவு உயிரோடு இருக்கும். அரைத்தட ஹெட்டில் கேட்டால் இரண்டும் கலந்து வரும், கால்தட ஹெட்டில் புதியது சுத்தமாக வரும். அழிந்துபோனதாக நினைத்த பழைய குரலை அந்தக் கீற்றிலிருந்து ஓரளவு மீட்கவும் வழி இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட டேப்பை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்.

படி 3: பொருந்தும் ஹெட்டைத் தேடுங்கள்

மெஷினின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ரெவாக்ஸ் ஏ77 அரைத்தடத்திலும் வந்தது, கால்தடத்திலும் வந்தது. ஊஹர் ரிப்போர்ட் வரிசையில் 4200 அரைத்தட ஸ்டீரியோ, 4400 கால்தட ஸ்டீரியோ. டெக்னிக்ஸ் ஆர்எஸ்-1500 மாதிரி சிலவற்றில் இரண்டு வகைக்கும் தனித்தனி ஹெட் வைத்து ஒரு சுவிட்ச் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒன்று கைக்கு எட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பொருந்தாத ஜோடியில் என்ன நடக்கும்? கால்தட டேப்பை அரைத்தட ஹெட்டில் போடுவது எங்களுக்கு நடந்தது. மறுபக்கம் காலியாக இருந்தாலொழிய அது உதவாது. தலைகீழாக, அரைத்தட மோனோவைக் கால்தட டெக்கில் போட்டால் இடதை மட்டும் எடுத்துக்கொண்டு சமாளிக்கலாம். திசைமாறாமல் சுத்தமாக வரும், ஆனால் தடத்தில் பாதியைத்தான் படிக்கிறீர்கள், சுமார் 3 டெசிபல் கூடுதல் இரைச்சலோடு. அரைத்தட ஸ்டீரியோவைக் கால்தட டெக்கில் போட்டால் இடது சரியாக வந்து வலது மெலிந்துபோகும். கால்தட ஹெட்டின் வலது பகுதி நிற்பது கிட்டத்தட்ட நடுக் காலியிடத்தில். ஜெர்மானிய அகல வகையில் பதிந்த டேப்பாக இருந்தால் மட்டும் வலதும் ஒழுங்காக வரும். முழுத்தட டேப்பை எந்த ஹெட்டிலும் கேட்கலாம். ஆனாலும் முழுத்தட ஹெட் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

படி 4: சுத்தம், பிறகு சாய்வு

ஹெட்டையும் டேப் தொடும் உலோகப் பாகங்களையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால், பஞ்சில் பழுப்பு வராத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். காந்த நீக்கி வைத்திருந்தால், டேப்புகளைத் தூர வைத்துவிட்டு, மெஷினை அணைத்துவிட்டு, காந்த நீக்கியைத் தள்ளி நின்று போட்டு, மெல்லக் கிட்டே கொண்டுபோய், மெல்லவே ஒரு மீட்டர் விலக்கிய பிறகுதான் அணைக்க வேண்டும். ஹெட்டின் பக்கத்திலேயே அணைத்தால் இருந்ததைவிட மோசமாகும்.

இனி எனக்குப் பிடித்த வேலை. ஹெட்டின் பக்கத்தில் சாய்வை மாற்றும் சின்னத் திருகு இருக்கும். அதன் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முழுத்தட மோனோ டேப் என்றால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திவிட்டு, டேப் ஓடும்போது திருகை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். (அரைத்தட மோனோவிலும் கால்தட மோனோவிலும் வலது வேறு நிகழ்ச்சி. அதனால் அங்கே இடதை மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.) கேட்க வேண்டியது குரலை அல்ல, தம்புராவை. சாய்வு தப்பாக இருக்கும்போது தம்புரா ஒரு மொத்தமான ரீங்காரமாக இருக்கும். சரியான இடம் நெருங்க நெருங்க ஜீவாவின் (தந்திக்கு அடியில் செருகும் நூல்) மணி மணியான ஒலி மேலே மலரும். கொஞ்சம் தாண்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். தம்புரா இல்லாத பதிவில் ‘ஸ’, ‘ச’ எழுத்துகளைக் கேளுங்கள், அல்லது கஞ்சிராவின் சலங்கையை. அன்றைக்குப் பதிந்த மெஷினே சாய்ந்திருந்திருக்கலாம், ஆகவே ஒவ்வொரு டேப்புக்கும் இதைச் செய்ய வேண்டும். முடிந்ததும் திருகைக் குறித்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 5: வேகமும் சமன்பாட்டு வளைவும்

வேகம் சரியா என்று பார்க்கப் பழைய பதிவிலேயே ஓர் ஆதாரம் புதைந்திருக்கும்: மின்சார ‘ஹம்’. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அலைவரிசைப் படத்தை (ஸ்பெக்ட்ரம்) திறந்து 50இலும் 100இலும் கோடு நிற்கிறதா என்று பாருங்கள். கோடு 47இல் நின்றால் டேப் மெதுவாக ஓடுகிறது. உங்கள் டெக்கின் சொந்த ஹம்மும் அங்கேயே நிற்கும் என்பதால், டேப்பை நிறுத்திவிட்டு எந்தக் கோடு போகிறது, எது தங்குகிறது என்று சோதியுங்கள். பேட்டரியில் பதிந்த டேப்பில் இது கிடைக்காது. அங்கே சுருதிதான் துணை. வேகம் ஆறு சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை நகரும். எப்போதும் ஒன்றரைக் கட்டையில் பாடியவர் திடீரென இரண்டுக்குப் போயிருந்தால் சந்தேகப்படலாம்.

பதியும்போதும் கேட்கும்போதும் மெஷின் உச்சத்தையும் அடித்தளத்தையும் ஏற்றி இறக்கும் கணக்குதான் சமன்பாட்டு வளைவு (ஈக்வலைசேஷன்). அதில் இரண்டு வழக்கங்கள் உண்டு, அமெரிக்க நாப் (NAB), ஐரோப்பிய ஐஇசி (IEC). 19 செ.மீ. வேகத்தில் ஐஇசி டேப்பை நாப் மெஷினில் போட்டால் உச்சம் கொஞ்சம் மங்கும், அடித்தளம் மெலியும். 38இல் உச்சம் கூடிவிடும். வித்தியாசம் அதிகபட்சம் 3 டெசிபல் அளவில், பிறகு மென்பொருளிலும் திருத்தலாம். தடமும் சாய்வும் தப்பாகிவிட்டால் அப்படித் திருத்த முடியாது, அதனால் இதற்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 6: டிஜிட்டல் பதிவு

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உலக ஒலி ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு இது. குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸாவது வையுங்கள். மோனோ டேப்பாக இருந்தாலும் இரண்டு சானலையும் பதிந்துகொண்டு, பிறகு வேண்டாததை விடுங்கள். முழுத்தட டேப்பை ஸ்டீரியோ ஹெட்டில் எடுத்தால் இரண்டையும் கூட்டுங்கள், இரைச்சல் குறையும். சாய்வு சரியாக இல்லாமல் கூட்டினால் உச்சம் ஒன்றையொன்று தின்றுவிடும், அப்போது நல்லதாகக் கேட்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை இந்த மூலக் கோப்பில் கைவைக்க விடாதீர்கள், நகலில் செய்யுங்கள்.

கால்தட மோனோ டேப்பை இரண்டே ஓட்டத்தில் முடிக்கலாம். முதல் ஓட்டத்தில் 1, 3, திருப்பிப் போட்டால் 4, 2. ஒவ்வொன்றையும் தனி மோனோ கோப்பாகப் பிரித்துவிடுங்கள்.

கேட்டு முடித்ததும் வேகமாகப் பின்சுற்றாதீர்கள். சாதாரண வேகத்திலேயே கடைசி வரை ஓடவிட்டு, முடிவு வெளியே இருக்கும்படி அப்படியே வையுங்கள். சுற்றுகள் சீராக அமரும். ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டி வரும் அந்த மெல்லிய எதிரொலியும், இப்படி வைத்தால் ஒலிக்கு முன்னால் வருவதைவிடப் பின்னால் வருவது அதிகமாகி, காதுக்கு உறுத்தாது. ஸ்பூலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அப்பாவின் பெட்டியில் அவருடைய பென்சில் எழுத்தைத் தொடாமல், அதற்குக் கீழே நான் எழுதி ஒட்டியிருக்கும் சீட்டு இது: ‘கால்தட மோனோ, 9.5 செ.மீ., பாலியஸ்டர், முடிவு வெளியே. தடம் 1 ஆரபி. தடம் 2 நாடகம், முழுவதும். தடம் 3 பாதியில் நிற்கிறது. தடம் 4 வீட்டில் பதிந்தது, பாட்டி பேசுகிறார்.’